பெட்டிக்குள் கிடக்கும் பதக்கங்கள்



செப்டம்பர் 10. இந்தத் தேதியை நம்மில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்?

1943ஆம் ஆண்டு அந்த நாளில்தான் சென்னைச் சிறையில் வக்கம் அப்துல் காதிர் தூக்கிலிடப்பட்டார். திருவிதாங்கூரின் ஒரு கடலோரக் கிராமத்திலிருந்து பிழைப்புத் தேடி மலேயா சென்றவர் அவர். பிழைக்கப் போன இடத்தில் தாய்நாட்டின் விடுதலைக்காகப் பயிற்சி பெற்று, நீர்மூழ்கிக் கப்பலில் கேரளக் கரைக்கு வந்து இறங்கிப் பிடிபட்டார். தூக்கிலிடப்பட்டபோது அவருக்கு வயது 26. தூக்குமேடை ஏறும் முன் தன் தந்தைக்கு ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போனார்.

22 ஆண்டுகள் கழித்து, 1965ஆம் ஆண்டு அதே செப்டம்பர் 10இல், பஞ்சாபின் கேம்கரண் பகுதியில் அசல் உத்தர் களத்தில் அப்துல் ஹமீது வீழ்ந்தார். உத்தரப்பிரதேசம் காஜிப்பூர் மாவட்டத்துத் தாமுபூர் கிராமத்தின் தையல் தொழிலாளிக் குடும்பத்துப் பிள்ளை. ஜீப்பில் பொருத்திய பீரங்கியைக் கொண்டு, எதிரியின் பேட்டன் டாங்கிகளை ஒன்றன்பின் ஒன்றாக நொறுக்கிவிட்டு உயிர் துறந்தார். வயது 32. நாட்டின் மிக உயர்ந்த இராணுவ விருதான பரம்வீர் சக்ரா அவருக்கு வழங்கப்பட்டது.

இந்தப் பெயர்கள் நமக்குப் புதியவை அல்ல. நம் மேடைகளில் இவை முழங்காத நாளில்லை. ஆனால் எப்போது முழங்குகிறோம்? எவனோ ஒருவன் விரலை நீட்டி, 'உன் தேசப்பற்றை நிரூபி' என்று கேட்கும்போதுதான்! உடனே இந்த மாவீரர்களை அழைத்து வந்து சாட்சிக் கூண்டில் நிறுத்துகிறோம். கூட்டம் கலைந்ததும் அவர்களையும் மறந்துவிடுகிறோம்.

அதைவிட வேதனையான ஒன்று உண்டு. காஜிப்பூர்க்காரரைத் தெரிந்த நமக்கு, நம் தெருக்காரரைத் தெரியவில்லை. நம் வீட்டுக்காரரையே தெரியவில்லை!

ஊரைக் குற்றம் சொல்லும் முன் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என் பெரியத்தா இராணுவத்தில் இருந்தவர். 1962இல் சேர்ந்து, லாரி ஓட்டுநராக 17 ஆண்டுகள் பணியாற்றி ஊர் திரும்பினார். 'மிலிட்டரி பாய்' என்றால்தான் ஊரில் அவரைத் தெரியும். பஜ்ருக்கு முதல் ஆளாகப் பள்ளிவாசலுக்கு வருவார். ஒளூச் செய்யும் இடத்தில் வரிசை கலைந்தால் அதட்டுவார். சிறுவர்களான நாங்கள் அவர் நடக்கும் விதத்தைப் பார்த்து, பின்னால் நடந்து கேலி செய்திருக்கிறோம். அவ்வளவுதான் நாங்கள் அவரை அறிந்தது.

மதரஸாவில் ஓதி முடித்து ஸனது வாங்கி வந்த புதிதில், 2002 என்று நினைவு, எங்கள் ஊர்த் திடலில் ஒரு பொதுக்கூட்டம். இந்நாட்டுக்காக முஸ்லிம்கள் செய்த தியாகம் என்பது எனக்குத் தந்த தலைப்பு. திப்பு சுல்தானில் தொடங்கி அப்துல் ஹமீது வரை ஒரு மணி நேரம் பேசினேன். தக்பீர் முழக்கம் விண்ணைப் பிளந்தது. மேடையிலிருந்து பார்க்கிறேன், மூன்றாவது வரிசையில் பெரியத்தா உட்கார்ந்திருக்கிறார். கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து, ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். கூட்டம் முடிந்ததும் அருகில் வந்து, "நல்லாப் பேசினே தம்பி" என்றார். "நீங்கள் எந்தப் போரில் இருந்தீர்கள் பெரியத்தா?" என்று கேட்க எனக்கு அன்றும் தோன்றவில்லை. அதற்குப் பிறகும் தோன்றவில்லை.

2011இல் அவர் மவுத்தானார். குடும்ப ஓய்வூதியத்துக்காகப் பெரியம்மா தன் டிரங்குப் பெட்டியைத் திறந்தபோதுதான் பார்த்தேன். கம்பளித் துணியில் சுற்றி, டிஸ்சார்ஜ் புத்தகமும் நான்கு பதக்கங்களும் இருந்தன. அதில் ஒன்று பூர்வி ஸ்டார். 1971 போரில் கிழக்கு முனையில் பணியாற்றியவர்களுக்குக் கொடுக்கப்பட்டது! வங்காளத்தின் சேற்று வழிகளில் லாரி ஓட்டிப் போனவர் 30 ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் தெருவில் நடந்துகொண்டிருந்திருக்கிறார். நான் புத்தகத்தில் தியாகிகளைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஓய்வூதியம் எளிதில் கிடைத்ததா? இல்லை. படைப் பதிவேட்டில் பெரியம்மாவின் பெயர் 'பீவி' என்று முடிகிறது. ரேஷன் கார்டிலோ 'பேகம்'. இருவரும் ஒருவரே என்பதை எழுத்தில் நிரூபிக்க மூன்று ஆண்டுகள் ஆயின. ஒரு நாள் ஓர் அலுவலகத்தில், ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவர் எங்கள் தாள்களைச் சரிபார்த்தார். நெற்றி நிறையத் திருநீறு பூசிய பெரியவர். டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் பிரித்தவர் எழுந்து நின்றுவிட்டார். பெரியம்மாவுக்கு நாற்காலி கொண்டுவரச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "உங்க பெரியத்தா எங்கெங்கே போஸ்டிங்ல இருந்தாருன்னு சொல்லியிருப்பாரே?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. ஒரு மணி நேரம் மேடையில் முழங்கிய இந்த நாவுக்கு அன்று பதில் இல்லை. அந்த அந்நியர் எழுந்து நின்றார். அவர் மடியில் வளர்ந்த நான் கேலி செய்திருந்தேன்!

நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். இது என் வீட்டுக் கதை மட்டும்தானா?

போரில் வீழ்ந்த உறவினரை எப்படிக் கண்ணியப்படுத்துவது என்பதை அண்ணல் நபி(ஸல்) அவர்கள் நமக்குச் செய்து காட்டியிருக்கிறார்கள். ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு முஃத்தா களம். நபியவர்களின் பெரிய தந்தை மகனான ஜஃபர்(ரலி) கொடியை ஏந்தியவாறு ஷஹீதானார். செய்தி வந்ததும் அண்ணலார் என்ன செய்தார்கள்? ஜஃபரின் வீட்டுக்கு நேரில் போனார்கள். பிள்ளைகளை அழைத்து வாரி அணைத்துக்கொண்டார்கள். கண்கள் கலங்கின. பின்னர், அந்த வீட்டார் துக்கத்தில் இருக்கிறார்கள், அவர்களுக்கு உணவு சமைத்துக் கொடுங்கள் என்றார்கள். அந்தப் பிள்ளைகளுக்குத் தாமே பொறுப்பாளி ஆனார்கள்.

கவனியுங்கள் சகோதரர்களே! வீடு, பிள்ளைகள், உணவு. களத்தில் நின்றவருக்கான கண்ணியம் அவர் விட்டுப்போன அடுப்படியில் இருந்து தொடங்குகிறது. மாலையும் மேடையும் அதற்குப் பிறகு வருபவை. நாம் இதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம். மேடையில் மாவீரன், வீட்டில் அவருடைய விதவைக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்க ஆளில்லை!

இன்னொன்றையும் மனம் திறந்து பேச வேண்டும். நம் இராணுவ உறவுகளை நாம் சான்றிதழாகப் பயன்படுத்துகிறோம். 'எங்கள் வீட்டிலும் இராணுவத்தில் இருந்திருக்கிறார்கள், எங்களை நம்புங்கள்' என்கிறோம். அந்தச் சான்றிதழ் செல்லுபடி ஆகிறதா?

முஹம்மது சனாவுல்லாஹ் என்ற அஸ்ஸாம் சகோதரர் 1987 முதல் 2017 வரை 30 ஆண்டுகள் இராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். 2019 மே மாதம் தீர்ப்பாயம் அவரை 'வெளிநாட்டவர்' என்றது. தடுப்பு முகாமில் அடைத்தார்கள். கவுஹாத்தி உயர்நீதிமன்றம் ஜூன் மாதம் ஜாமீன் கொடுத்த பிறகுதான் வெளியே வந்தார். 30 ஆண்டு சீருடை அவரைக் காக்கவில்லை.

2025 மே மாதம், கர்னல் சோபியா குரேஷி இராணுவத்தின் சார்பில் நாட்டு மக்களுக்குச் செய்தி சொன்னார். அவருடைய பாட்டனாரும் படையில் இருந்தவர். சில நாட்களுக்குள், மத்தியப்பிரதேச அமைச்சர் ஒருவர் அவரைப் பயங்கரவாதிகளோடு உறவுபடுத்தி இழிவாகப் பேசினார். அமைச்சர் மீது வழக்குப் பதியச் சொல்லி உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து உத்தரவிட வேண்டியதாயிற்று.

ஆகவே தெளிவாகச் சொல்கிறோம். நம் குடியுரிமை நம் தாத்தாவின் பதக்கத்தால் வந்ததல்ல. இந்த மண்ணில் பிறந்தோம், அரசியல் சாசனம் உரிமை தந்தது, அவ்வளவே. படையில் ஒருவர்கூடச் சேராத குடும்பத்துக்கும் அதே உரிமைதான். சந்தேகப்படுகிறவனுக்கு ஆயிரம் பதக்கம் காட்டினாலும் அவன் ஆயிரத்தோராவதைக் கேட்பான். அவனுக்காக நம் பெரியவர்களை வரிசையில் நிறுத்த வேண்டாம். அவர்கள் நம் இரத்தம், நம் உறவு. அதற்காக மதிப்போம். அவர்களின் உழைப்பு உண்மையானது. அதற்காக மதிப்போம்.

அப்படி மதித்தவர்கள் இருக்கிறார்கள். அப்துல் ஹமீதின் மனைவி ரசூலன் பீவியைப் பாருங்கள். கணவரை இழந்து அரை நூற்றாண்டு கடந்த பின்பும் அந்த மூதாட்டி ஓயவில்லை. 2017இல் இராணுவத் தலைமைத் தளபதியைச் சந்தித்து, தன் கணவரின் நினைவு நாளுக்கு ஊருக்கு வர வேண்டும் என்று கேட்டார். அந்த ஆண்டு செப்டம்பர் 10இல் தளபதி வந்தார். 2019 ஆகஸ்டில் ரசூலன் பீவி இறையடி சேர்ந்தார். பிறகு என்ன நடந்தது? 2025 பிப்ரவரியில், அப்துல் ஹமீது படித்த ஊர்ப் பள்ளியின் முகப்பிலிருந்து அவர் பெயர் போனது. குடும்பத்தார் பார்த்துக்கொண்டு இருக்கவில்லை, குரல் கொடுத்தார்கள். பெயர் திரும்ப எழுதப்பட்டது. பரம்வீர் சக்ரா பெற்றவரின் பெயருக்கே உறவினர் காவல் நிற்க வேண்டியிருக்கிறது என்றால், சாதாரண சிப்பாயின் பெயரை யார் காப்பாற்றுவது?

சொந்தப் பிள்ளைகள் இல்லாதவர்களுக்கு யார் உறவு? பிரிகேடியர் உஸ்மான் திருமணமே செய்துகொள்ளாதவர். பிரிவினையின்போது, பாகிஸ்தான் படைக்கு வந்தால் உயர் பதவி என்று ஆசை காட்டியும் மறுத்தவர். இழந்த ஜாங்கரை மீட்கும்வரை கட்டிலில் படுப்பதில்லை என்று சபதமிட்டு, 1948 மார்ச்சில் மீட்டார். அதே ஜாங்கரில் 1948 ஜூலை 3இல் குண்டு விழுந்து உயிர் துறந்தார். மகாவீர் சக்ரா பெற்றார். டில்லி ஜாமியா மில்லியா பல்கலைக்கழகத்தை ஒட்டிய மையவாடியில் அடக்கம் செய்யப்பட்டார். 2020 டிசம்பரில் அந்தக் கப்ர் சிதைந்து கிடப்பது செய்தியானது. இராணுவம் வந்து சீரமைத்தது. நம் பிள்ளைகள் அன்றாடம் கடந்து போகும் இடம் அது! வாரிசு இல்லாத வீரருக்கு இந்தச் சமுதாயம்தான் வாரிசு. நாம் எங்கே போயிருந்தோம்?

சிலர் கேட்கலாம்: 'மவ்லவி சாப், வெள்ளைக்காரன் படையில் இருந்தவர்களையுமா மதிக்கச் சொல்கிறீர்கள்?' நியாயமான கேள்விதான். 1921இல் கராச்சி கிலாபத் மாநாட்டில், ஆங்கிலேயர் படையில் சேவை செய்வது முஸ்லிம்களுக்கு ஹராம் என்று தீர்மானம் போட்டு, அதற்காகச் சிறை சென்ற மவ்லானா முஹம்மது அலியும், ஷவ்கத் அலியும், ஹுசைன் அஹமது மதனியும் நம் முன்னோடிகள். அவர்களின் தீரத்தை நாம் மறைக்கப் போவதில்லை.

ஆனால் படையில் போனவர்களும் ஒரே மாதிரி ஆனவர்கள் அல்லர். 1806 ஜூலை 10இல், தாடியிலும் தலைப்பாகையிலும் கை வைத்த கம்பெனியை எதிர்த்து வேலூர்க் கோட்டையில் எழுந்தவர்கள் அதே கம்பெனியின் சிப்பாய்கள்தாம். அவர்களில் பெரும் பங்கினர் முஸ்லிம்கள். 1915இல் சிங்கப்பூரில் கிளர்ந்தெழுந்து, பொதுமக்கள் முன்னிலையில் சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொல்லப்பட்ட 47 பேரும் ஆங்கிலேயப் படையின் சிப்பாய்களே. மற்றவர்கள்? முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து 13 லட்சம் பேர் போனார்கள். 74,000க்கும் அதிகமானோர் திரும்பவில்லை. இரண்டாம் போரில் 25 லட்சம் பேர். பலரை அனுப்பியது பசி. மாதச் சம்பளம் மணியார்டரில் வந்தால் வீட்டில் அடுப்பு எரியும் என்பதற்காகப் போனார்கள். அந்தச் சோற்றில் வளர்ந்தவர்கள்தாம் நம் தந்தையரும் தாயாரும்.

எனவே பொய்யாக உயர்த்த வேண்டாம், பொய்யாகத் தாழ்த்தவும் வேண்டாம். வெள்ளையனுக்காகப் போரிட்டவரை விடுதலை வீரர் என்று சொல்லாதீர்கள். அவர் பசியால் போனார் என்றால் பசியால் போனார் என்றே சொல்லுங்கள். உண்மையைச் சொல்லி நினைப்பதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை.

அவர்களை அனுப்பிய வல்லரசு அவர்களை எப்படி நினைவில் வைத்தது தெரியுமா? போரில் இறந்தோரின் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையம் 2021 ஏப்ரலில் தானே ஓர் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. முதல் உலகப் போரில் மடிந்த இந்திய, ஆப்பிரிக்க வீரர்கள் உள்ளிட்ட 45,000 முதல் 54,000 பேர் வரை, வெள்ளை வீரர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை என்றது. மேலும் குறைந்தது 1,16,000 பேரின் பெயர்கள், பெரும்பாலும் ஆப்பிரிக்கர்களும் எகிப்தியரும், எங்குமே பொறிக்கப்படாமல் போயிருக்கலாம் என்றது. நூறு ஆண்டு கழித்து அவர்கள் கணக்குப் பார்க்கிறார்கள். நாம் நம் வீட்டுக் கணக்கையாவது பார்க்க வேண்டாமா?

என்ன செய்யலாம்? சிலை வைக்கச் சொல்லவில்லை. கப்ரைக் கட்டி எழுப்பச் சொல்லவில்லை. படத்துக்கு மாலை போடச் சொல்லவில்லை. அவை நம் வழி அல்ல. ஒவ்வொரு மஹல்லாவும் செய்யக்கூடிய எளிய காரியங்களைச் சொல்கிறோம்.

1. கேளுங்கள். உங்கள் குடும்பத்தில் படையில் இருந்த பெரியவர் உயிரோடு இருந்தால், இந்த ஜும்ஆவுக்குப் பிறகு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். எந்த ஆண்டு சேர்ந்தார், எந்தப் படைப்பிரிவு, எங்கெங்கு இருந்தார், யாரோடு இருந்தார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். செல்போனில் பதிவு செய்யுங்கள். அவர் பேசத் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். மறுநாளும் போய் உட்காருங்கள்.

2. தாள்களைக் காப்பாற்றுங்கள். டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை, பதக்கம், பழைய கடிதம் எதையும் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பதக்கத்தில் அவருடைய எண்ணும் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண் இருந்தால் பல கதவுகள் திறக்கும்.

3. பெயரைச் சரிசெய்யுங்கள். படைப் பதிவேட்டில் மனைவியின் பெயர் இருக்கிறதா, ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா என்று அவர் உயிரோடு இருக்கும்போதே பாருங்கள். பீவி, பேகம், பானு என்ற ஒரு சொல் வேறுபாட்டில் நம் தாய்மார்கள் ஆண்டுக்கணக்கில் அலைகிறார்கள். ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய உயிர்வாழ் சான்றையும் நினைவூட்டுங்கள்.

4. மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. விதவைகளுக்கான உதவி, பிள்ளைகளின் கல்வி உதவி, இரண்டாம் உலகப் போர் வீரர்களின் விதவைகளுக்கான மாத உதவி ஆகியவற்றுக்கு அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். மஹல்லாவில் படித்த இளைஞர் ஒருவரை இதற்கென்றே ஜமாஅத் நியமிக்கட்டும்.

5. திரும்பாதவர்களைத் தேடுங்கள். பர்மாவில் மடிந்து, கப்ர் எங்கே என்று தெரியாமல் போன ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் ரங்கூன் அருகே தவுக்கியன் நினைவிடத் தூண்களில் இருக்கின்றன. சிங்கப்பூரில் கிராஞ்சி நினைவிடத்தில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. இந்தப் பட்டியல்களை இணையத்தில் கட்டணமின்றித் தேடலாம். 'கப்பலேறிப் போனார், வரவே இல்லை' என்று பாட்டிமார் சொல்லி அழுத பெயர் அங்கே இருக்கக்கூடும்.

6. ஜமாஅத் பதிவேட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மஹல்லாவில் பிறந்து படையில் பணியாற்றியவர்களின் பெயர், ஆண்டு, படைப்பிரிவு ஆகியவற்றை முத்தவல்லி எழுதி வைக்கட்டும். ஆண்டுக்கு ஒரு முறை மதரஸாப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டி, அவர்களுக்காகத் துஆச் செய்யட்டும்.

இவற்றுக்கு எந்த அரசின் அனுமதியும் தேவையில்லை, எவரிடமும் நன்கொடை வசூலிக்க வேண்டியதில்லை. ஒரு நோட்டும் ஒரு பேனாவும் போதும்.

பெரியம்மாவின் ஓய்வூதியம் மூன்று ஆண்டு கழித்து வந்தது. முதல் மாதப் பணம் கைக்கு வந்த அன்று, அதில் கொஞ்சத்தை எடுத்து என்னிடம் கொடுத்து, பெரியத்தா பெயரால் ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறாக்கிப் போடச் சொன்னார். போட்டோம். பதக்கங்கள் இப்போது என் வீட்டில் இருக்கின்றன. என் மகன் அவற்றைக் கையில் எடுத்து, "இதை வாங்கினவர் என்ன செஞ்சார் அத்தா?" என்று கேட்கிறான். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் இருப்பதை மட்டும்தான் என்னால் சொல்ல முடிகிறது. மற்றதெல்லாம் அவரோடு கப்ருக்குள் போய்விட்டது. அவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அன்றைக்கே நான் கேட்டிருக்க வேண்டும்.

சகோதரர்களே! உங்கள் பள்ளிவாசலிலும் ஒரு மிலிட்டரி பாய் இருப்பார். ஸஃப்பில் உங்கள் தோளோடு தோள் நிற்பார். ஸலாம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். அவர் பக்கம் திரும்பி உட்காருங்கள்.

வல்ல அல்லாஹ் நம் முன்னோரின் பிழைகளைப் பொறுத்து, அவர்களின் உழைப்பை ஏற்றுக்கொள்வானாக! உறவைப் பேணும் மக்களாக நம்மை ஆக்குவானாக!